மல்லியை முழுசாகப் போடாதீர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் பேச எத்தனையோ இருக்க, கொசுறாகக் கிடைக்கிற கொத்தமல்லிக்கு ஓர் உரையா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஐப்பசி அடைமழையில் காய்கறிக் கடையில் போய்க் கொசுறு கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் காது கேட்காத மாதிரி இருப்பார். காசு கொடுத்து வாங்கிய கட்டையும் பிரித்தால் நடுவில் அழுகியிருக்கும். அந்த நேரத்தில் ரசம் கொதிக்கக் கொதிக்க மாடிக்குப் போய் நாலு தழை கிள்ளி வருகிற மிதப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடு.

எங்கள் மதுரையில் ஒரு சங்கடம். மாடியில் மல்லி போட்டிருக்கிறேன் என்றால், "பூ எப்படி, நல்லாப் பூக்குதா?" என்பார்கள். நான் சொல்வது குழம்பு மல்லி. அது பூத்தால்தான் எனக்குக் கவலை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் தடவை, சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி மல்லியை அள்ளித் தொட்டியில் தூவினேன். இருபது நாள் எட்டி எட்டிப் பார்த்தேன். முளைத்தது குப்பைமேனி. அடுத்த தடவை, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். விதை ஊறி, உப்பி, நாறிப்போனது.

மூன்றாவது தடவை விளாத்திகுளம் பக்கத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். கரிசல்காட்டுக்காரர். நான் விதை தூவுவதைப் பார்த்துவிட்டு, "முழுசாப் போட்டா எப்படித் தாயி முளைக்கும்?" என்றார். மல்லியைத் தரையில் பரப்பினார். கழுவி வைத்திருந்த ரப்பர் செருப்பு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு நறநறவென்று தேய்த்தார். எனக்குப் பதறிவிட்டது. "அத்தை, சாப்பிடுற பொருளைச் செருப்பாலயா?" என்றேன். "மண்ணுக்குள்ள போறதுக்கு என்ன தாயி ஆசாரம்?" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குத் தேய்த்தார். ஒவ்வொரு மணியும் இரண்டு கிண்ணமாகப் பிளந்தது. அதை ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் அரை அங்குல ஆழத்தில் தூவி மூடினார். ஒன்பதாம் நாள் காலையில் மண் லேசாக விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் நீளநீளமாக இரண்டிரண்டு இலை, முதுகு வளைந்த வாக்கில் எழுந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நாம் ஒரு விதை என்று நினைக்கிற மல்லி உண்மையில் ஒரு காய்ந்த காய். அதற்குள் இரண்டு விதை. உடைத்தால் தண்ணீர் உள்ளே சீக்கிரம் இறங்கும், இரண்டும் தனித்தனியாக முளைக்கும். செருப்புக்கு மனசு வராதவர்கள் சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். இரண்டாக உடைந்தால் போதும், பொடியாகிவிடக் கூடாது. விதையும் அந்த வருஷத்து விதையாக இருக்கட்டும். டப்பாவில் நாள்பட்டுக் கிடந்தது சாம்பாருக்குத்தான் ஆகும்.

அடுத்து ஈரம். மல்லிக்கு ஈரம் வேண்டும், தேங்கல் ஆகாது. கரிசல்காட்டில் ஐப்பசி மழைக்கு விதைத்துவிட்டால், அப்புறம் மண் பிடித்துவைத்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலுமே மானாவாரியாக விளைந்துவிடுகிறது. தொட்டி மண்ணுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அதனால் மக்கிய எருவும் கொஞ்சம் தென்னைநார்க் கழிவும் கலந்துகொள்ளுங்கள். விரலைக் குத்திப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஈரம் வேண்டும், தேங்கல் ஆகாது. தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலையே வேண்டாம். மல்லிக்கு ஆணிவேர். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு பூத்துவிடும். வெயில் ஏறினாலும், மண் காய்ந்தாலும் அப்படித்தான். நடுத்தண்டு நீளும், இலை சோம்புத்தழை மாதிரி நூல்நூலாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய தழை திரும்பாது. சித்திரை வைகாசியில் காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். ஒரே தொட்டியை நம்பாமல் பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி விதைத்துக்கொண்டே வாருங்கள். முப்பத்தைந்து, நாற்பது நாளில் கிள்ளலாம். கிள்ளும்போது ஓரத்து இலைகளை எடுங்கள், நடுக்குருத்தை விட்டுவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். அசுவினி என்கிற சாறுறிஞ்சிப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளித்துவிடுங்கள். தெளித்த தழையை நாலைந்து நாள் பறிக்க வேண்டாம். பூத்துவிட்ட செடியைப் பிடுங்காதீர்கள், தேனீ வரும், அடுத்த விதைக்கும் ஆகும். புதினாவைப் பற்றியும் எழுதிக்கொண்டு வந்தேன், தாள் அப்படியே இருக்கிறது. சரி, ஒன்றே ஒன்று. இலை ஆய்ந்தபின் முற்றின தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், தண்ணீரில் நிறுத்தி வேர்விட்டதும் ஊன்றிவிடுங்கள். ஆனால் மல்லித் தொட்டியில் மட்டும் ஊன்றாதீர்கள், அது மல்லியை இருக்கவிடாது. வணக்கம்.