திருச்சி – யாழ்ப்பாணம்: 180 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் எதுக்கு?

வணக்கம் நேயர்களே. திருச்சியிலேருந்து யாழ்ப்பாணம் எவ்ளோ தூரம்னு கேட்டா நம்மாளுங்க பலபேரு அது ஃபாரின் ஆச்சே, ஐநூறு அறுநூறு கிலோமீட்டராவது இருக்கும்பாங்க. வானத்துல நேர்கோடு போட்டா 180 சொச்சந்தாங்க. ரோட்டுல நம்ம சென்னையே 330 கிலோமீட்டர் வருது. அந்த 180ல பாதி தஞ்சாவூர் சீமை, அதிராம்பட்டினம் பக்கமா கரைய விட்டா மீதிப் பாதி பாக் ஜலசந்தி, அந்தக் கரையில யாழ்ப்பாணத்தோட பலாலி ஏர்போர்ட்.

இண்டிகோ 2025 மார்ச் 30ல இந்த ரூட்ட ஆரம்பிச்சாங்க, ஏடிஆர் 72, ரெண்டு புரொப்பல்லர் வச்ச விமானம். முழு வேகம் புடிச்சா மணிக்கு 500 கிலோமீட்டர் போவும், அந்தக் கணக்குல 22 நிமிஷத்துல போய்டணும், ஆனா டிக்கெட்ல ஒரு மணி நேரம்னு இருக்குதேன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். டிக்கெட்ல போடற நேரம் இங்க விமானம் நகர ஆரம்பிச்சதுலேருந்து அங்க போயி நிக்கிற வரைக்கும் சேத்துங்க. திருச்சி ரன்வே கிழமேற்கா கெடக்கு, காத்து மேக்கேருந்து அடிச்சா விமானம் மேக்க பாத்துதான் ஏறணும், அப்புறம் ஒரு சுத்து சுத்தி கெழக்க திரும்பணும், ஏறும்போது முழு வேகமும் கெடைக்காது, மேல போயி நெலயா பறக்க ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே எறங்க ஆரம்பிச்சுருவாங்க. வழியில டிராஃபிக் இருந்தா காத்திருக்கணும், அதுக்கும் கொஞ்சம் நிமிஷம் ஒதுக்கித்தான் டைம் போடுவாங்க.

பெரிய ஜெட் விட்டா சீக்கிரம் போவலாமேன்னும் கேக்கறாங்க. இவ்ளோ கிட்டத்துக்கு ஜெட் வேகத்தால பெருசா ஒண்ணும் மிச்சமாவாது. அதோட பலாலிய 2019 அக்டோபர் 17ல இன்டர்நேஷனல் ஏர்போர்ட்டா தெறந்தப்போ தயார் பண்ணி வச்சிருந்த ரன்வே 1400 மீட்டர்தான், அதுக்கு ஏடிஆர்தான் சரி.

எனக்கு இதுல பெரிய விஷயமா படறது வேற. முன்னாடி திருச்சிக்கு வரணும்னா யாழ்ப்பாணத்து ஆளுங்க ராத்திரி பஸ் ஏறி 400 கிலோமீட்டர் தெக்க கொழும்பு போயி, அங்க ஏர்போர்ட்ல காத்திருந்து, திரும்ப வடக்க பறந்து வரணும். முழங்கால் வலியோட ஒரு அம்மா அந்த பஸ்ல உக்காந்து வர்றத நெனச்சுப் பாருங்க. எதிர்க்கரையில இருக்கற ஊருக்கு ஒரு நாளே போய்டும். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணம் பக்கத்து துறைமுகமான காங்கேசன்துறைக்கும் நடுவுல கப்பலும் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சுது, ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம், ஆனா கடல் கொந்தளிச்சா கப்பல நிறுத்திருவாங்க.

கெளம்பறவங்க ஒரு மணி நேரத்த மட்டும் நம்பி பிளான் போடாதீங்க. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் இருக்கு, மூணு மணி நேரம் முன்னாடியே வந்துருங்க, இறங்கின பெறகு பலாலியிலேருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு இன்னும் 16 கிலோமீட்டர் ரோட்டுல போவணும். வீட்லேருந்து வீடுன்னா ஆறு மணி நேரம் வச்சுக்குங்க. கடிகாரத்த மட்டும் மாத்த வேணாம், ரெண்டு ஊருக்கும் ஒரே டைம்தான்.