2,480 மீட்டர்: திருச்சி விமான நிலையமும் நாமும்
(சமூக மன்ற அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் விமான நிலையம் என்றாலே சாங்கியைத்தான் பேசுவோம். இன்று நான் பேச வந்தது, இங்கிருந்து நான்கு மணி நேரப் பறப்புக்கு அப்பால் உள்ள இன்னொரு நிலையத்தைப் பற்றி. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், சிவகங்கை மாவட்டங்களில் உறவுள்ள நம்மில் பலருக்கு, ஊர் என்பது திருச்சி விமான நிலையத்தின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே அதன் நிறைகுறைகளைப் பேசும் உரிமை நமக்கும் உண்டு என்று கருதுகிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் வழி கடல்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள், பினாங்கையும் கிள்ளானையும் தொட்டுக்கொண்டு, பல நாள் அலைச்சலுக்குப் பின்னரே சிங்கப்பூர்க் கரையைக் கண்டார்கள். ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலில் 1985ஆம் ஆண்டு தீப்பிடித்த பிறகு அந்தக் கடல்வழியும் முடிவுக்கு வந்தது. அதன் பின் சென்னையில் இறங்கி, முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் ரயிலிலோ பேருந்திலோ போனவர்கள் உண்டு. கொழும்பில் விமானம் மாறித் திருச்சிக்குப் போனவர்களும் உண்டு. மலிவுக் கட்டண நிறுவனங்கள் நேரடிச் சேவையைத் தொடங்கிய பிறகுதான், சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் ஒரு தொழிலாளியும் தங்கையின் திருமணத்துக்கு நேரே ஊர்ப்பக்கம் போய் இறங்க முடிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரின் விமானத் தளமாக இருந்த அந்த இடத்துக்கு, இந்திய அமைச்சரவை 2012 அக்டோபரில்தான் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியை வழங்கியது. ஆனால் அந்தப் பெயர் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கிருந்து வெளிநாட்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

இப்போது அங்கே புதிய முனையம் இருக்கிறது. 1,100 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டுக் கட்டப்பட்ட இந்த இரண்டு அடுக்குக் கட்டடத்தை இந்தியப் பிரதமர் 2024 ஜனவரி 2ஆம் நாள் திறந்துவைத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பயணிகளின் புழக்கத்துக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் மிகுந்த நேரத்தில் சுமார் 3,500 பேரையும் தாங்கும் வகையில் திட்டமிடப்பட்டது. முகப்பில் திருவரங்கக் கோபுரத்தின் வண்ணங்கள் தெரிகின்றன. உள்ளே கோலங்களைக் காண்கிறோம். வெறும் அலங்காரம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. முதன்முறையாக விமானம் ஏற வரும் ஒரு கிராமத்துத் தாய்க்கு, அந்தக் கண்ணாடிக் கூடத்தில் தெரிந்த முகம் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமல்லவா?

சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது, பெட்டிகள் வரும் சுழல்பட்டையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீல நைலான் கயிற்றால் வரிந்து கட்டிய அட்டைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேராவூரணி, ஆலங்குடி, திருத்துறைப்பூண்டி என்று தடித்த கறுப்பு மையில் ஊர்ப்பெயர்கள். ஒரு பெட்டியில் பெயரே இல்லாமல் ‘மேலத்தெரு’ என்று மட்டும் எழுதியிருந்தது. டெல்டாவின் வரைபடமே என் முன்னால் சுற்றி வருவது போலிருந்தது. என் அருகில் நின்ற இளைஞர் தம் பெட்டியை இறக்கியதும் முதல் வேலையாக அதன் மூலையை முகர்ந்து பார்த்தார். கோடாலித் தைலப் புட்டிகள் உடையவில்லை என்று உறுதியான பிறகே கைப்பேசியை எடுத்து, வெளியே காத்திருந்த வேன்காரரை அழைத்தார்.

கட்டடத்தின் அருமையைச் சொல்லிவிட்டேன். நான் முதன்மையாகச் சொல்ல வந்தது கட்டடத்துக்குப் பின்னால் கிடக்கும் ஓடுபாதையைப் பற்றி. அதன் நீளம் 2,480 மீட்டர். சாங்கியின் ஓடுபாதைகள் 4,000 மீட்டர். பெரிய விமானம் திருச்சியில் இறங்கவே முடியாது என்பதில்லை; முழு எடையோடு அங்கிருந்து மேலெழ முடியாது என்பதே சிக்கல். வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சினின் உந்துவிசையும் தளர்கிறது. இறக்கைகளுக்குப் போதிய தூக்குவிசை கிடைக்க விமானம் இன்னும் வேகமெடுக்க வேண்டியிருப்பதால், இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் திருச்சி எப்படிக் காயும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே நம் பாதையில் ஒற்றை நடைவழி கொண்ட சிறிய விமானங்களே ஓடுகின்றன. ஒன்றில் ஏறத்தாழ 180 முதல் 240 பேர்தான் போகலாம். தீபாவளிக்கும் டிசம்பர்ப் பள்ளி விடுமுறைக்கும் சீட்டு விலை ஏறுவதற்கு எத்தனை விமான இருக்கைகளை அனுமதிக்கலாம் என்று வரையறுக்கும் இரு நாட்டு ஒப்பந்தங்கள் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் விமானத்தில் இருக்கைகள் குறைவு என்பது வெளிப்படையான ஒன்று.

சரக்கிலும் இதே கதைதான். திருச்சியிலிருந்து காய்கறியும் பழமும் பூவும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விமானத்தில் ஏற்றுமதியாகின்றன. சிறிய விமானத்தின் அடிவயிற்றில் பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சும் இடத்தில்தான் அவை ஏற வேண்டும். பெட்டிகள் நிறைந்த நாளில் முருங்கைக்காய்க் கட்டு பின்தங்கும். பூவோ ஒரு நாள் பின்தங்கினாலும் பூவாக இராது.

ஓடுபாதையை நீட்டும் திட்டம் புதியதன்று. அதற்கு நிலம் வேண்டும். பாதுகாப்புத் துறையின் நிலமும் அதில் அடக்கம் என்பதால் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இங்கே சிங்கப்பூரிலும் இதே போன்ற ஒரு பணி நடந்ததை நீங்கள் அறிவீர்கள். விமானப்படை பயன்படுத்திவந்த 2.75 கிலோமீட்டர் ஓடுபாதையை 4 கிலோமீட்டராக நீட்டி, வரவிருக்கும் ஐந்தாம் முனையத்துக்காகச் சாங்கியின் மூன்றாம் ஓடுபாதை ஆக்கினார்கள். குறுக்கே நின்ற சாலையையே இடம் மாற்றினார்கள். முனையம் எழும்பும் முன்பே ஓடுபாதையை யோசித்த அந்த வரிசைமுறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையாகாது. சாங்கியின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். திருச்சியில் விமான நிலையச் சுவருக்கு அப்பால் வீடுகள் இருக்கின்றன, கிணறுகள் இருக்கின்றன, தலைமுறையாகக் குடியிருப்போர் இருக்கின்றனர். ஓடுபாதை நீள வேண்டும் என்று இங்கே குளிரூட்டிய அரங்கில் நின்று நான் கேட்கும்போது, அவர்களுக்கு உரிய விலையும் மாற்று இடமும் முதலில் கைக்கு வர வேண்டும் என்பதையும் அதே குரலில் கேட்கிறேன். அந்தப் பகுதியில் உறவுள்ளவர்கள் இந்த அவையில் இருந்தால், கேள்வி நேரத்தில் முதலில் அவர்களே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.