கரிப் படிவுகளுக்கு நடுவே கடல் ஷேல்: பெயரும் வகையும்

நேயர்களுக்கு வணக்கம். சேர்வராயன் மலையில் நிலக்கரி கிடைக்குமா என்று நம் பக்கத்து மாணவர்கள் கேட்பதுண்டு. கிடைக்காது; சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையான சார்னோக்கைட் பாறையாலான மலை அது, கரியாக மாறுவதற்கு மரம் செடிகளே தோன்றாத காலத்தைச் சேர்ந்தது. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கான கரி ஒடிசாவின் தால்ச்சர் போன்ற வயல்களிலிருந்து வருகிறது. கரி விளையும் பாறைகளுக்கு நடுவே எப்போதாவது தென்படும் கடல் ஷேலை (கடற்சேறு இறுகி ஏடு ஏடாகப் பிளக்கும் பாறையை) எப்படி வகைப்படுத்திப் பெயரிடுகிறார்கள் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஐரோப்பாவின் கரி வயல்கள் சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டத்தை ஒட்டிய சதுப்புக் காடுகளாக இருந்தன. அப்போது தென்கண்டங்களை மூடியிருந்த பனிப்படலம் உருகியபோதெல்லாம் கடல் ஏறிச் சதுப்பை மூழ்கடித்து, கறுத்த மெல்லிய சேற்றைப் படியவிட்டது. அதுவே இறுகி ஷேல் ஆயிற்று. கரி அடுக்கு கிளைக்கும், மெலியும், சில மைல்களில் மறைந்தும் போகும்; ஆனால் சில அடி கனமே உள்ள கடல் ஷேல் நாடு விட்டு நாடு தொடரும். ஆகவே எந்தச் சுரங்கத்தின் எந்தக் கரி அடுக்கு எதற்கு இணை என்று காண, கரியைவிட இந்த ஷேலையே நம்புகிறார்கள்.

அதைப் பிளந்து பார்த்தால், அடியில் கரையோர உப்புச் சேற்றில் வாழ்ந்த லிங்குலா என்னும் ஈரோட்டு உயிரியின் நகம் போன்ற ஓடுகளும், மேலே போகப்போக ஆழமான கடலில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான, இன்று அழிந்துபோன கோனியடைட்டின் சுருள் ஓடுகள் நசுங்கித் தட்டையாகப் பதிந்தும் இருக்கும். கோனியடைட் இனங்கள் விரைவாக மாறியதால், பல கடலேற்றங்களுக்குத் தனித்தனி இனம் அடையாளமாகிறது. யுரேனியம் மிகுந்திருப்பதால் ஆழ்துளைக் கிணற்றின் காமாக் கதிர் பதிவிலும் அது கூர்முனையாக எழும்.

பெயர்களில்தான் குழப்பம் நேர்ந்தது. யார்க்‌ஷயரில் மேன்ஸ்ஃபீல்டு, லங்காஷயரில் டக்கின்ஃபீல்டு, தென் வேல்ஸில் கெவன் கோய்ட், ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஏகிர் என்று ஒரே கடல் ஷேல் அடுக்குக்கு, அதாவது கடற்படுகைக்கு, வட்டாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. இப்போது அதிலுள்ள கோனியடைட்டை வைத்து ஏகிரானம் கடற்படுகை என்கிறார்கள். ஊர்ப்பெயரோடு குரூப், ஃபார்மேஷன், மெம்பர், பெட் என்று பெரியதிலிருந்து சிறியதுவரை இறங்கும் படிநிலையைச் சேர்ப்பது பாறைக்கான முறை. உயிரினப் பெயர், புதைபடிவங்களைக் கொண்டு அடுக்குகளைப் பகுப்பதற்கான முறை. இரண்டையும் கலப்பது என் பார்வையில் சரியன்று. இருப்பினும் பழக்கம் வென்றுவிட்டது. 1927-இல் நெதர்லாந்தின் ஹீர்லென் நகர மாநாட்டில், ஐரோப்பியக் கரிக் காலத்தின் ஒரு பிரிவான வெஸ்ட்ஃபேலியன் காலத்தின் அடிவரம்பாக இப்படியொரு கடற்படுகையே கொள்ளப்பட்டது. (நம் சார்னோக்கைட்டோ கல்கத்தாவில் உள்ள ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் பெயர் பெற்றது; ஆள் பெயரைத் தாங்கும் சலுகை பாறை வகைகளுக்கு உண்டு.)

நம் நாட்டுக் கோண்டுவானா (பழைய தென்பெருங்கண்டத்தில் படிந்த) கரிப் பாறைகள் பெரும்பாலும் நன்னீர்ப் படிவுகள். மத்தியப் பிரதேசத்தின் உமரியாவிலும், சத்தீஸ்கரின் மனேந்திரகரிலும் உள்ள, கடல் உயிரிகள் நிறைந்த சிறு படுகைகள் புகழ்பெற்றவை. உமரியாவில் புரொடக்டஸ் முதலிய பிராக்கியோபாடுகள் (லிங்குலா போன்ற ஈரோட்டு உயிரிகள்) மிகுதி. மனேந்திரகரிலோ குளிர்நீர்ச் சிப்பியான யூரிடெஸ்மா காணப்படுகிறது. உயிரினங்கள் இவ்வளவு வேறுபடுவதால், இரண்டும் ஒரே கடலேற்றம் என்று கொண்டு பொதுப்பெயர் சூட்டாமல், தத்தம் ஊர்ப்பெயராலேயே அழைப்பதுதான் பொருத்தமாகும்.