தீவனம் தீர்ந்த சாக்கை என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. இன்னைக்கு எடுத்துக்கற கேள்வி பெருந்துறைப் பக்கத்துல இருந்து ஒரு அக்கா அனுப்புனது. அப்படியே படிக்கறேன்.

"ஆறு கறவை மாடு வச்சிருக்கறோம். தீவனம் வாங்கி வாங்கி வெறுஞ்சாக்கு மலையாட்டம் சேர்ந்து கெடக்குது. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்குலதான் எடுப்பேங்கறார், அதுல ஒண்ணும் தேறல. அந்தச் சாக்குல ராகி, கடலைக்காய் போட்டு வைக்கலாமா? எரிச்சுட்டாத் தப்பா? கட்டுத்தரைக்கு மேல வெயிலுக்குப் போட்டது நார் நாராப் பிஞ்சு விழுகுது, ஆடு அதைப் பொறுக்கித் திங்குது. என்ன பண்றதுங்க?"

நல்ல கேள்விங்க அக்கா. இது மாடு வச்சிருக்கற எல்லா வூட்லயும் இருக்கற பிரச்சினைதான்.

தம்பி, அந்த ரெண்டு சாக்கையும் இப்படிக் கொண்டாப்பா. பாருங்க, இது வெறும் வெள்ளைச் சாக்கு. பாலிப்ரொப்பிலீன்னு ஒரு பிளாஸ்டிக். அதை மெல்லிசா நாடா நாடாவா நறுக்கி, வட்டத் தறியில போட்டு நெய்யறாங்க. கிழிச்சா நார் வருதுல்ல, அந்த நாடாதான் அது. இன்னொண்ணு, மாட்டுப் படம் போட்டுப் பளபளன்னு இருக்கற சாக்கு. இதுல மேல ஒரு படலம் ஒட்டியிருக்கும், பி.ஓ.பி.பி.ன்னு சொல்லுவாங்க. அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான், அதனால மறுசுழற்சிக்குப் போறப்ப ரெண்டையும் பிரிக்க வேண்டிய வேலையில்ல. சில சாக்குக்குள்ள மட்டும் மெல்லிசாக் கண்ணாடியாட்டம் ஒரு உள்பை இருக்கும். அது பாலிஎத்திலீன், வேற இனம். அது 110 டிகிரி சூட்டுலயே இளகிரும், சாக்கு 160 டிகிரி பக்கம் போனாத்தான் உருகும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சின்னச் சின்ன மணியாப் பண்றதைக் குருணைன்னு சொல்லுவாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு உருக்குனா வர்ற குருணை தரமா இருக்காது. அதனால உள்பையை உருவித் தனியா ஒரு சாக்குல திணிச்சு வச்சிருங்க.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன். 50 கிலோ சாக்கு ஒண்ணு சுமாரா 100 கிராம் இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன. அப்ப பத்து சாக்கு சேர்ந்தாத்தானுங்க ஒரு கிலோ. எடை போட்டுக் கொடுத்தா என்ன தேறும்? ஆனா சாக்கு வியாபாரின்னு தனியா இருக்கறாங்க, மார்க்கெட், மண்டிப் பக்கம் போனாக் கேட்டுப் பிடிச்சிரலாம். அவங்க எடை பார்க்கறதில்ல, எண்ணி வாங்குவாங்க. கிழியாத, நாத்தமில்லாத, வாய் அறுக்காத சாக்குக்குத்தான் அவங்ககிட்ட மரியாதை. அதே சாக்கு கிழிஞ்சிருச்சுன்னா திரும்ப இரும்புக் கடைத் தராசுக்குத்தான் போகணும்.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதானுங்க. மூட்டையைப் பிரிக்கறீங்கள்ல, அந்த நிமிஷத்துலதான் சாக்கோட விலை முடிவாகுது. நம்மாளுக என்ன பண்றாங்க? அவசரத்துல அருவாளை எடுத்து வாயை ஒரே இழுப்பா இழுத்து விடறாங்க. சில பேர் நடுவயித்துலயே குத்தறாங்க, அதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். வெட்டுன இடத்துல இருந்து நாடா ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வந்துரும், அதுக்கப்பறம் எந்தத் தையலும் நிக்காது. மூட்டை வாயில போட்டிருக்கறது சங்கிலித் தையல். ஒரு முனையில இருந்து இழுத்தா சரசரன்னு மொத்த நூலும் கையோட வந்துரும், இன்னொரு முனையில இருந்து இழுத்தா முடிச்சு விழுந்து நின்னுக்கும். இழுத்து வரலைன்னா மல்லுக்கட்டாதீங்க, அந்தப் பக்கம் போய் இழுங்க. நூலைக் கீழ போட்டுராதீங்க. மாடு தவிட்டோட சேர்த்து நக்கி உள்ள இழுத்துக்கும்.

பிரிச்சுக் கொட்டுனதும் சாக்கை உள்பக்கம் வெளியா வர்ற மாதிரித் திருப்பி, அடிமூலையைத் தட்டணும். அந்த மூலையிலதான் தீவனத் தூள் தங்கி, ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பூஞ்சை கக்கற நஞ்சு அது. மாடு தின்னா பால்லயும் எறங்கும். கலப்புத் தீவனத்துல கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயத்துல இருக்குது. 20 மைக்ரோகிராம்னா கண்ணுக்கே தெரியாதுங்க. பூஞ்சை பிடிச்ச பழைய சாக்குலயே புதுத் தவிட்டைக் கொட்டி வச்சா, நல்ல தவிட்டையும் நாமளே கெடுத்த மாதிரி.

ராகி, கடலைக்காய் கேட்டீங்க. மனுசன் திங்கற தானியத்துக்குத் தீவனச் சாக்கு வேண்டாமுங்க. தீவனத்துல தாது உப்பு இருக்குது, சிலதுல யூரியா சேர்க்கறாங்க, கோழித் தீவனம்னா கழிச்சல் வராம இருக்கப் போடற மருந்துகூட இருக்கும். கழுவுனாலும் நெசவு இடுக்குல இருக்கறது முழுசாப் போகாது. ஓட்டோட இருக்கற கடலைக்காயை வயல்ல இருந்து வூட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு, தேங்காய் மட்டை, வரட்டி, தொழுவுரம் அள்ளறதுக்கு எல்லாம் தாராளமா வச்சுக்குங்க. நாலு பக்கமும் பிரிச்சு, கோணி ஊசியில தச்சுப் படுதாவாக்கிட்டா, சோளத்தட்டு, மக்காச்சோளம் காயப் போடலாம்.

இதையே தலைகீழாவும் சொல்லணும். உரச்சாக்கு, பூச்சி மருந்து வந்த சாக்கு எதுலயும் தவிடு போட்டு வைக்காதீங்க. யூரியாச் சாக்குல தங்குன உப்பு அளவு மீறி உள்ள போனா பசுவையே சாய்க்கற விஷம். சில வூட்ல இன்னமும் யூரியாச் சாக்குல புண்ணாக்கு கட்டி வச்சிருக்கறதைப் பார்க்கறேன்.

கோழிப்பண்ணைக்காரங்களுக்கு வேற கணக்கு. நாமக்கல், பல்லடம் பக்கம் பார்க்கறவங்க கேட்டுக்குங்க. ஊர்ப் பண்ணையெல்லாம் சுத்தி வந்த பழைய சாக்கை விலை மலிவுன்னு வாங்கி உங்க ஷெட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க. எச்சம் ஒட்டுன சாக்கு வெள்ளைக்கழிச்சலையும் சேர்த்துக் கொண்டாந்துரும். பண்ணையில இருந்து வெளிய போன சாக்கு திரும்ப உள்ள வரக் கூடாது, அவ்வளவுதான்.

எரிக்கலாமான்னா, கூடாதுங்க. அச்சு மையும் ஒட்டுப் படலமும் சேர்ந்து எரியற புகை நம்ம குழந்தைக மூக்குலயும் மாட்டு மூக்குலயும்தான் ஏறும். சட்டமும் இருக்குது. திறந்தவெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 ரூபாய் அபராதம்னு 2016 டிசம்பர்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்குது. அபராதம் போட ஊருக்குள்ள யாரு வர்றாங்கன்னு நீங்க கேப்பீங்க. சரிதான், ஆனா புகை வந்துருதுல்ல.

இப்ப அந்த நார் விஷயம். இதுதான் எனக்கு ரொம்பக் கவலை. பாலிப்ரொப்பிலீனுக்கு வெயில்தான் எமன். நெழல்ல வருசக்கணக்கா இருக்கற அதே சாக்கு, கூரை மேல போட்டா சில மாசத்துல பொடிஞ்சுரும். மாடித்தோட்டத்துக்கு மண்ணு நிரப்பி வைக்கறவங்களும் கவனிச்சுக்குங்க, ஒரு கோடை தாண்டுனதும் தூக்குனா அடி பிஞ்சுரும். வைக்கறதுன்னா மேல சணல் சாக்கோ ஓலையோ போட்டு வெயில் படாம மூடி வைங்க. கட்டுத்தரைக்கு மேல நெழலுக்கு இந்தச் சாக்கே வேண்டாம். தென்னங்கீத்து இருக்குது, இல்லைன்னா வெயில் தாங்கற நெழல்வலை கடையில கெடைக்குது.

ஆடு தின்னா என்ன ஆகும்? பெருவயித்துக்குள்ள போன நார் செரிக்காது, பந்தாத் திரண்டு அங்கயே உக்காந்துக்கும். ஆடு மெலியும், வயிறு உப்பும், அசை போடறது கொறையும். 2019 அக்டோபர்ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில ஒரு பசுவோட வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. அது தெருவுல மேஞ்ச மாடு, எல்லாப் பிளாஸ்டிக்கும் கலந்தது. ஆனா வயிறு தாங்கற விதம் ஒண்ணுதானுங்க. உங்க ஆடு தீனி எடுக்காம, அசை போடாம நின்னா எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்காம டாக்டரைக் கூப்பிடுங்க. காலைச் சுத்துன நார் இருக்குதான்னும் குளம்புக்கு மேல தடவிப் பாருங்க, முடிக்குள்ள மறைஞ்சு இறுக்கிப் புண்ணாக்கியிருக்கும்.

கிழிஞ்ச சாக்கு, ஆனா இன்னும் நாராகலைன்னா, அது மறுசுழற்சிக்கு நல்ல சரக்கு. பச்சைத் தண்ணியில அலசி நல்லாக் காய வைங்க. தீவனத் தூளோட உருக்குற மெஷினுக்குப் போனா அது கருகிச் சல்லடையை அடைச்சுரும், ஈரத்தோட போனா ஆவி கெளம்பிக் குருணை பொரிஞ்சு போயிரும். ஆலைக்காரர் அழுக்குச் சாக்குக்கு விலை கொறைக்கறது இதனாலதான். அச்சு மை கலந்து கறுப்பும் சாம்பலுமா வர்ற குருணையில பூந்தொட்டி, வாளி, கயிறுன்னு ஏதாவது பண்ணுவாங்க. ஒரு வூட்டுச் சாக்குக்கு யாரும் வண்டி எடுத்துக்கிட்டு வர மாட்டாங்க. பால் சங்கத்துல நாலு பேர் சேர்ந்து ஒரே எடத்துல அடுக்குங்க. தீவனம் எறக்கிட்டுப் போற வண்டி வெறும் வண்டியாத்தான திரும்புது, அதுலயே ஏத்திவிட முடியுமான்னு டீலரைக் கேளுங்க. பேர் போட்டுப் பேக்கிங் பண்ற கம்பெனிதான் அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்புன்னு 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதியிலயே இருக்குது, 2022ல இன்னும் விளக்கமா வழிகாட்டுதலும் வந்திருச்சு. கேக்கறது நம்ம உரிமைதானுங்க.

கூரையில ஏற்கெனவே பொடிஞ்சு நிக்கறதுக்கு வழி: காத்தில்லாத காலை நேரத்துல, ஆடு மாட்டை வேற பக்கம் கட்டிட்டு, மெதுவாச் சுருட்டி எறக்குங்க. தண்ணி லேசாத் தெளிச்சுக்கிட்டா நார் பறக்காது. கூட்டி அள்ளுனதை ஒரு நல்ல சாக்குல திணிச்சு வாயைத் தச்சு, குப்பை எடுக்க வர்ற தூய்மைக் காவலர்கிட்ட பிளாஸ்டிக்னு சொல்லித் தனியாக் கொடுங்க. இது குருணைக்கு ஆகாது. ஆனா துண்டாக்கிச் சூடு பண்ணுன ஜல்லியில கலந்து தார் ரோடு போடலாம். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கொண்டு வந்த முறை அது, 2018ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இல்லைன்னா சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாப் போகும். எறக்குன எடத்தை மட்டும் ரெண்டு நாள் கூட்டிப் பார்த்துட்டு அப்பறமா ஆட்டை உள்ள விடுங்க அக்கா.