யாரைக் கேட்டார்கள் என்று கேளுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, புள்ளியியலை எல்லோருக்கும் புரியும்படி விளக்கிவிட்டு அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, நேரில் வந்து அழைத்த மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பத்திரிகை நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். மன்றத்தின் முன்னாள் தலைவர் உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக என் வணக்கம்.

தலைவர்களின் செல்வாக்கை அளக்கும் கருத்துக்கணிப்பில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

1936. அமெரிக்க அதிபர் தேர்தல். ரூஸ்வெல்ட் மறுபடி நிற்கிறார், எதிரே லாண்டன். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்று ஒரு வார இதழ். முந்தைய தேர்தல்களில் வென்றவரைச் சரியாகச் சொன்ன இதழ் என்பதால் அதன் பேச்சுக்குப் பெரிய மதிப்பு. சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பினார்கள். ஒரு கோடி, ஐயா! 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, லாண்டன்தான் என்று அச்சிட்டார்கள். நடந்தது என்ன? ரூஸ்வெல்ட்டுக்குச் சுமார் 61 சதவீத வாக்கு. 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் இரண்டுதான். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாததற்கு, சீட்டு கிடைத்தவர்களில் கால்வாசிப் பேர்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அந்த இதழைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார். 1938-இல் அந்த இதழே நின்றுபோனது.

சரி, கேள்வி கேட்கும் விதம். அந்த கேலப் தொடங்கிய நிறுவனம், அமெரிக்க அதிபர் தன் பொறுப்பைச் செய்யும் விதம் உங்களுக்குச் சம்மதமா என்று பல்லாண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுவந்தது. அதிபர் ட்ரூமனுக்கு 1945-இல் 87 சதவீதம் சம்மதம், 1952-இல் 22. அதே மனிதர்! ஆகவே தேதி போடாத எண்ணை நம்பாதீர்கள். ஆயிரம் பேரை முறையாகத் தேர்ந்தெடுத்தாலும் முடிவு 3 சதவீதம் கூடலாம், குறையலாம். ஒரு சதவீத வித்தியாசத்தை வைத்து ‘முந்துகிறார்’ என்று தலைப்புப் போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். தீர விசாரிப்பதே மெய்!

பத்திரிகை நண்பர்களை உரிமையோடு கேட்கிறேன். எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எந்தத் தேதியில், கேட்ட கேள்வி என்ன, செலவு யாருடையது, இவ்வளவும் இல்லாத கணிப்பை வெளியிடாதீர்கள். இதைச் சட்டமாக்கக் கோரும் மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.