ஏஜென்டுக்கு முதலில் போவது நாவல் இல்லை, கடிதம்

வணக்கம் நேயர்களே. தமிழில் நாவல் எழுதினால் நேராகப் பதிப்பாளரிடமே கொடுத்துவிடலாம், புத்தகக் காட்சியில் அவர் கடையில் நின்றே பேசி முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதி நியூயார்க்கிலோ லண்டனிலோ பெரிய பதிப்பகத்தில் வர ஆசைப்பட்டால் கதை வேறு. அங்கே பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை எழுத்தாளர் தானாக அனுப்புவதைப் படிப்பதில்லை, நடுவில் ஒரு இலக்கிய முகவர், அதாவது லிட்டரரி ஏஜென்ட், இருந்தாக வேண்டும்.

முதலில் காசு விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் இந்த முகவர் வேலையை ஒரு தொழிலாக நடத்தியபோது கமிஷன் 10 சதவீதம். இன்று உள்நாட்டு விற்பனைக்கு 15, வெளிநாட்டு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. புத்தகம் விற்றால்தான் ஏஜென்டுக்கு வருமானம், அதுவும் பதிப்பகம் தரும் பணத்திலிருந்து. ஆகவே "படித்துப் பார்க்க இவ்வளவு கட்டணம்" என்று ஒருவர் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி கடிதம். ஏஜென்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தும் இதை க்வெரி லெட்டர் என்பார்கள், ஒரே பக்கம். நான் பார்த்த க்வெரிகளில் பாதி, "சிறு வயதிலிருந்தே எனக்கு எழுத்தில் ஆர்வம்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அந்த ஏஜென்டுக்கு உங்கள் சிறு வயது எதற்கு? கதை யாருடையது, அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, கிடைக்காவிட்டால் என்ன ஆகும், இதைச் சொல்லுங்கள், முடிவை மட்டும் சொல்லாதீர்கள். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய இடம் சினாப்சிஸ், அதாவது கதைச் சுருக்கம், அது தனி. அப்புறம் எந்த வகை நாவல், எத்தனை வார்த்தை, சமீபத்தில் வந்த எந்த இரண்டு புத்தகங்களின் வாசகர் இதையும் வாங்குவார் என்று ஓரிரு வரி. முதல் நாவலுக்கு 80,000 முதல் 1,00,000 வார்த்தை வரை பொதுவாகச் சரி, இரண்டு லட்சம் என்று போட்டால் அந்த எண்ணைப் பார்த்தே ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

பிரிட்டனில் வழக்கமாகக் கடிதத்தோடு சினாப்சிஸும் முதல் மூன்று அத்தியாயங்களும் கேட்பார்கள், அமெரிக்காவில் பல இடங்களில் கடிதமும் முதல் சில பக்கங்களுமே போதும். அவரவர் இணையதளத்தில் போட்டிருப்பதுதான் விதி. நாவலை முழுதாக முடித்துவிட்டு அனுப்புங்கள், ஏனென்றால் பிடித்துப்போனால் முழுப் பிரதியையும் உடனே கேட்பார். கட்டுரை நூல் என்றால் பெரும்பாலும் திட்ட அறிக்கையும் மாதிரி அத்தியாயங்களும் போதும்.

ஒரே நேரத்தில் பல பேருக்கு அனுப்புவது தப்பில்லை, ஆனால் கையிலிருக்கும் எல்லா முகவரிக்கும் ஒரே நாளில் தட்டிவிடாதீர்கள். ஏழெட்டுப் பேருக்கு அனுப்பிவிட்டுப் பாருங்கள், ஒருவர்கூடப் பக்கங்கள் கேட்காவிட்டால் கடிதத்தைத் திருத்த வேண்டும். பதிலே வராததும் பல இடங்களில் "வேண்டாம்" என்றுதான் அர்த்தம், எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒருவர் சரி என்றால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவர்களுக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கேட்பது அங்கே சகஜம். அந்த இரண்டு வாரத்தில் அவரிடமே கேளுங்கள்: எந்தப் பதிப்பாசிரியர்களிடம் கொண்டுபோகப் போகிறீர்கள், என்ன திருத்தம் எதிர்பார்க்கிறீர்கள், நாளைக்கு ஒத்துவராவிட்டால் ஒப்பந்தத்தை எப்படி முடித்துக்கொள்வது?