ஜட்கா வண்டியும் ஒரு கல்தொட்டியும்

மேடையில இருக்கற தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்துல துணைத் தலைவர் பேரை விட்டுட்டேன்னு அவருக்கு வருத்தம், அதனால அவருக்கு மட்டும் இன்னைக்கு ரெண்டு வணக்கம்.

மூணு விஷயம் பேசப்போறேன். ஜட்கா வண்டி, அதுக்கான சட்டம், வாடகைக் கணக்கு.

ஜட்கான்னா குதிரை பூட்டின வாடகை வண்டி, ரெண்டு சக்கரம், வளைஞ்ச கூண்டு, உள்ள சீட்டெல்லாம் கிடையாது, புல்லைப் பரப்பி மேல சாக்கு. வண்டிக்காரர் சாட்டைக் கம்பைச் சக்கரத்துக்குள்ள விட்டா கடகடன்னு சத்தம் வரும் பாருங்க, அதான் ஹாரன். எங்க பெரியப்பா நல்ல கனமான ஆளு, பழனி அடிவாரத்துலேர்ந்து ஸ்டேஷனுக்கு ஜட்கா பேசினாரு. "சாமி, முன்னால நகந்து வாங்க, பின்பாரமா இருக்கு"ன்னு வண்டிக்காரர் கத்தறாரு, இவரு "காசு குடுக்கறவன் நானு, காத்து வர்ற இடத்துலதான் உக்காருவேன்"னு பின்னாடியே உக்காந்துட்டாரு, பெரியம்மாவும் ஏறினாங்களா, வண்டி அப்படியே பின்னால சாஞ்சு குதிரை முன்னங்காலு ரெண்டும் அந்தரத்துல நிக்குது, பெரியப்பா ரோட்டுல கெடக்காரு, அப்பவும் பஞ்சாமிர்த டப்பாவை விடலையே மனுசன்! கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா மூடிக்குமாம். சவாரி வேணும், சொல்பேச்சு வேணாம்.

சட்டத்துக்கு வர்றேன். 1911லயே மெட்ராஸ் ஹாக்னி கேரேஜ் சட்டம், அதாவது வாடகை வண்டிச் சட்டம் இருந்துச்சு. வண்டி இழுக்கற மிருகங்களை வதைக்கக்கூடாதுங்கற 1965 விதிப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல குதிரையை ஓட்டக்கூடாது, வெயில் 37 டிகிரி தாண்டுற ஊர்ல மதியம் 12லேர்ந்து 3 வரைக்கும் பூட்டவே கூடாது. சரிங்க, அந்த மூணு மணி நேரமும் குதிரை எங்க நிக்கும், எதைக் குடிக்கும்? எங்க தெருமுக்குல இருந்த கல்தொட்டியில இப்ப பிளாஸ்டிக் கவரும் வாழை இலையும்தான் கெடக்கு.

குதிரை, தண்ணின்னதும் ஒருத்தர் ஞாபகம் வருது. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ங்கற ஊர்ல தாமஸ் ஹாப்சன்னு ஒருத்தர், 1631ல இறந்தாரு, குதிரை வாடகைக்கு விட்டவரு. யார் வந்தாலும் கதவோரம் நிக்கிற குதிரைதான், பிடிக்கலைன்னா நடந்து போ. எல்லாரும் ஒரே நல்ல குதிரையைக் கேட்டா அது செத்துரும்ல! அந்த ஊருக்கு 1614ல நல்ல தண்ணி வாய்க்கால் வந்ததுக்குக் கை கொடுத்தவங்கள்ல இவரும் ஒருத்தர், அதைப் பராமரிக்கன்னு உயில்ல நிலமும் எழுதி வெச்சாரு. நான் நிலமா கேக்கறேன்? ஒரு தொட்டி, ஒரு பைப்பு. பொன்னாடைன்னா எல்லா கழுத்தும் நீளுது, தொட்டின்னா அதே கொள்ளு-கடிவாளக் கதைதான். தலைவரைச் சொல்லலீங்க, பொதுவாச் சொல்றேன்.

துண்டுச் சீட்டு வந்துடுச்சு. வாடகைக் கணக்கை அடுத்த கூட்டத்துல வெச்சுக்குவோம். தொட்டி மனு வாசல் மேஜையில இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டு டீ சாப்பிடுங்க. பேனாவை நூல்ல கட்டியிருக்கேன், இழுக்காதீங்க.